மெதுவாகப் போன பந்து

கத்தி கழுத்தில் இருக்கிறவரை பேச வேண்டியதில்லை. அதற்காகத்தான் துளசிங்கம் வந்ததும் வராததுமாக, பெஞ்சில் காத்திருந்தவர்களைத் தாண்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். ஞானம் சலூனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் இப்படி முந்திக்கொண்டதே கிடையாது. எப்போதும் கடைசி ஆள். பெஞ்சில் ஒரு காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்து, சிலம்பு பேப்பரை வாசிக்க வாசிக்க வரிக்கு ஒரு பதில் கொடுத்து, சலூனே குலுங்கி, தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் எழுந்து முகத்தைக் கொடுப்பான். பர்மா லைன் பாய்ஸ் கால்பந்து அணியில் ஆடத் தெரிந்தவர்கள் பதினொரு பேர் என்றால் பேசத் தெரிந்தவன் துளசிங்கம் ஒருத்தன்தான் என்று கால்வாய்க்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கால்வாய்க்கரை ஸ்டார்ஸ் ஜெயித்த மறுநாளெல்லாம் பேப்பர்காரன் அவர்களைத் தூக்கி வைத்து எழுதுவான். துளசிங்கம் இங்கே உட்கார்ந்து இறக்கி வைப்பான். தோற்ற வயிற்றெரிச்சலுக்கு அதுதான் மருந்து. நேற்றும் தோற்றாகிவிட்டது. பேப்பரும் வந்துவிட்டது. மருந்துதான் நாற்காலியில் சாய்ந்து, கழுத்துவரை துணி போர்த்தி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"இரட்டை வேங்கைகளின் வேட்டை," என்று சிலம்பு தலைப்பை வாசித்தான். முப்பது வயசுக்காரன். குரல் மெல்லிசு, ஆனால் ஏற்ற இறக்கமெல்லாம் துளசிங்கத்திடம் பிடித்தது. "வேங்கையாம்பா. கால்வாய்ல இன்னிக்கு வரிக்கும் எருமைதான் மேஞ்சிகினு கீது. வேங்கை எப்போ வந்துச்சு?"

பெஞ்சு சிரித்தது.

"ண்ணா, நீ சொல்லு. வேங்கையா, எருமையா?"

"சும்மா இருடா," என்றான் ஞானம். "தொண்டைல கத்தி கீது. அவரு சிரிச்சாருன்னா நான் போலீஸ் ஸ்டேஷன்ல போய் உக்காரணும்."

எருமை பரவாயில்லை என்று துளசிங்கம் கண்ணை மூடியபடியே நினைத்தான். ஆனால் கேள்வியில் கொண்டுபோய் முடித்திருக்கக் கூடாது. கேள்வியில் முடித்தால் கேட்கிறவன் பதிலை யோசிக்க ஆரம்பித்துவிடுவான், சிரிப்பு பாதியில் நின்றுவிடும். எருமையோடு நிறுத்தியிருக்க வேண்டும். நேற்றைக்கு முந்தின நாள் வரை அவன் இதையெல்லாம் சிலம்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான். இன்றைக்கு வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கத்தி தாடையின் கீழே சரக் சரக்கென்று ஏறியது. மின்விசிறிக் காற்றில் நுரை காய்ந்து தோலை இழுத்தது. சிலம்பு அடுத்த வரிக்குப் போனான். 'மின்னல் வேகத்தில் ஸ்டார்ஸ் வீரர் ஆபு அனுப்பிய பந்தை தினகரன் அலட்டிக்கொள்ளாமல் வலைக்குள் தள்ளினார்.' மின்னலாம். யாரோ மின்னல் என்றால் கரண்டுக் கம்பியா என்றார்கள், யாரோ சிரித்தார்கள், துளசிங்கத்துக்கு எதுவும் காதில் ஏறவில்லை, ஏனென்றால் பந்து மறுபடியும் உருள ஆரம்பித்துவிட்டது. மின்னல் எங்கே வந்தது? மெதுவாகப் போனது. அதுதானே விஷயமே. ஓரக்கோட்டு த்ரோவிலிருந்து வந்த பந்து. நம்முடைய பக்கிரியும் இன்னொருத்தனும், இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் நல்ல உயரம், ஆபுவின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பயலுக்கு ஜெர்சி முழங்கால் வரை தொங்குகிறது, கால் இரண்டும் வளைவு, தோற்றத்தில் ஒன்றுமே கிடையாது. பந்தின் மேல் காலை வைத்தான். வைத்துவிட்டு நின்றான். கேஸை அணைத்துவிட்டு வந்தோமா என்று பாதி வழியில் ஒருத்தன் நின்று யோசிப்பானே, அப்படி நின்றான். அவன் நின்றதும் பக்கிரியும் நின்றான். கோல்கீப்பர் நின்றான். மைதானப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பர்மா லைன் மொத்தமும் இடது பக்கம் பார்த்தது, ஏனென்றால் அவன் இடது பக்கம் பார்த்தான். பந்து வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. எப்போது உதைத்தான், எதனால் உதைத்தான், குதிகாலா, பாதத்தின் வெளி ஓரமா, துளசிங்கத்துக்கு இந்த நிமிஷம் வரை தெரியவில்லை. ராத்திரி தூங்காமல் கிடந்து யோசித்தும் தெரியவில்லை. பந்து மெதுவாகப் போனது. ஒரு கிழவர் நடந்து போய் எடுத்துவிடலாம், அவ்வளவு மெதுவாக. ஆனால் நம் ஆட்கள் யாராலும் எடுக்க முடியாது. யாருமே இல்லாத இடத்துக்குப் போனது. போய்ச் சேரும்போது அங்கே தினகரன் இருந்தான். அப்புறம் கோல், அது யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். தினகரனையும் வேங்கை என்று எழுதியிருக்கிறான், எழுதிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பாஸை மின்னல் என்று எழுத எப்படி மனசு வந்தது? அவ்வளவு மெதுவாகப் போக ஒரு பந்துக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்.

பட், பட். அதற்கப்புறம்தான் அது. படிக்கட்டு முழுக்கச் செத்த அமைதி, கால்வாய்க்கரைக்காரன்கூட இன்னும் கத்த ஆரம்பிக்கவில்லை, அந்த இடுக்கில் இரண்டு கைதட்டல். யாரடா அது என்று துளசிங்கமே ஒரு கணம் திரும்பிப் பார்க்கப் போனான். பிறகுதான் உள்ளங்கை எரிவது தெரிந்தது. கையைக் குனிந்து பார்த்தான். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன, கோயிலில் நிற்கிறவன் கை மாதிரி. அவசரமாகப் பிரித்து முட்டியின் மேல் வைத்தான். இரண்டு படி கீழே இருந்த சிலம்பு திரும்பினான். துளசிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை அவனுக்கு. துளசிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏகாம்பரத்தைத்தான் பார்த்தான். ஏகாம்பரம் பார்த்தானா? பார்த்திருப்பான். தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எப்படிப் பார்க்காமல் இருப்பான்? ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் எழுந்து வேகமாகப் போய்விட்டான். நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போயிருந்தால் சிலம்புக்கு அவன் மேல் சந்தேகம் வந்திருக்காது. பார்க்காமலும் இருந்திருக்கலாம். அந்தப் பந்து உருளும்போது பக்கத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது பார்ப்பார்களா? துளசிங்கம் இந்த இரண்டுக்கும் நடுவே காலையிலிருந்து போய்ப் போய் வந்துகொண்டிருந்தான். பார்த்தான், பார்க்கவில்லை. பல் தேய்க்கும்போது பார்த்திருந்தான். இட்லி சாப்பிடும்போது பார்க்கவில்லை. சலூன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் பார்த்துவிட்டான்.

"பேப்பர் கெடக்குது," என்று சொல்லிக்கொண்டே சிலம்பு அதை மடிக்கும் சத்தம் கேட்டது. "மொதல்ல அந்தக் கைதட்டுனவன் கணக்கை முடிக்கணும். ஏகாம்பரண்ணாக்கு போன் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழில இங்க வந்துட்டுப் போறேன்னு சொல்லிகீறாரு. வரட்டும். நாற்காலி ரெடியா கீது. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான, ண்ணா?"

துளசிங்கத்தின் தொண்டைக்குள் எச்சில் இறங்கியது. ஞானம் கத்தியை எடுத்துவிட்டு, இறங்கி முடியட்டும் என்று காத்திருந்து, மறுபடியும் வைத்தான்.

சட்டம் போட்டது யார்? இதே வாய்தான். டீக்கடையில் யாரோ என்னவோ கேட்க, அந்தப் பக்கத்துக்காரனுக்கு நம்ம படியில் உட்கார்ந்து எவன் கைதட்டினாலும் அவனுக்கு மீசை கிடையாது என்று விளையாட்டுக்குச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததோடு போயிருக்க வேண்டியது, ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. மீசை என்றால் சும்மாவா? ஒருத்தன் திடீரென்று மீசையில்லாமல் தெருவில் வந்தால் எதிரில் வருகிறவன் முதலில் முகத்தைத் தொங்கப்போடுவான், பிறகு குரலைத் தாழ்த்தி, எப்போப்பா, நைனாவா, எப்படி ஆச்சு என்பான். இல்லைங்க, எங்க வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நான் கால்வாய்க்கரைக்காரனுக்குக் கைதட்டிவிட்டேன் என்று ஒவ்வொருத்தனிடமும் சொல்ல வேண்டும். முடி முளைக்கிற வரைக்கும் சொல்ல வேண்டும். அங்கேதான் தண்டனையே இருக்கிறது. இதையும் துளசிங்கம்தான் யோசித்துச் சொன்னான், அப்போது தன்னுடைய புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான். ஒரே ஒரு தடவைதான் சட்டம் பாய்ந்தது, அதுவும் இந்தச் சிலம்பு மேல்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கால்வாய்க்கரை கோல்கீப்பர் எகிறிப் பிடித்த பந்துக்கு வாய் தவறி 'சூப்பர்டா' என்றுவிட்டான் பையன். இதே நாற்காலி, இதே ஞானம். அழாத குறையாக உட்கார்ந்திருந்தான். துளசிங்கம் பெஞ்சில் இருந்தபடி மந்திரம் சொன்னான், ஐயர் மாதிரி. நல்ல கூட்டம் அன்றைக்கு. துளசிங்கம் மீசையில்லாமல் இருந்தது பத்தொன்பது வயதில், அப்பா போனபோது. மேலுதடு யாருடையதோ மாதிரி ஜில்லென்று இருந்தது அவனுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது. நாக்கு போய்ப் போய் அதைத் தொட்டுப் பார்த்தது. துக்கத்தைவிட அந்தக் குளிர்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஏகாம்பரத்தின் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். மூக்கில் குழாய். பழைய பர்மா லைன் பைத்தியம், நடக்க முடிந்தவரை ஒரு ஆட்டம் விட்டதில்லை. நேற்று ஏகாம்பரம் வந்ததே அவர் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுடா என்று விரட்டினதால்தான். அப்பன் உயிர் ஊசலாடும்போது பிள்ளை மீசையில்லாமல் போய் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால்? அவன் அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு விழுந்துவிடும். கிழவர் கண்ணைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்? தான் போய்விட்டோம் என்றா? இதெல்லாம் சிலம்புக்குத் தோன்றாதா? தோன்றாது. மீசை போனவனுக்கு அடுத்தவன் மீசை மேல் இருக்கிற கண் வேறு எதையும் பார்க்காது. ஏகாம்பரம் வந்து, தட்டினது துளசிங்கம்டா என்று சொல்லிவிடட்டும். சொல்லிவிட்டால் நல்லது. சொல்லமாட்டான். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான், வாயைத் திறக்கமாட்டான், அடியை வாங்கிக்கொண்டு நிற்பான். வராமலே இருந்துவிட்டால்? கடவுளே, பஸ் லேட்டாகட்டும்.

ஞானம் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி இரண்டாம் சுற்று நுரை போட்டான். சோப்பு வாசனையில் துளசிங்கம் வேறெங்கோ போனான். ஒரு காலையில் சென்ட்ரல் போகிற பஸ். அவன் பார்சல் ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஸ்டாப்பில் ஆபு நின்றான், கூட அவன் அம்மா, கையில் காய்கறி மூட்டை. பஸ் வந்ததும் எல்லாரும் முட்டி மோதினார்கள். ஆபு நகரவில்லை. அதே நிற்றல். கூட்டம் முழுக்க முன்வாசலில் அடைத்துக்கொண்டதும், அம்மாவின் முழங்கையைத் தொட்டு இரண்டடி நகர்த்தினான், அவ்வளவுதான், நடுவில் ஒரு இடைவெளி அவர்களுக்கென்றே திறந்தது. மூட்டை யார் மேலும் படாமல் ஏறிவிட்டார்கள். துளசிங்கம் சென்ட்ரல் வரை அவனையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி வேதவல்லியிடம் இன்னிக்கு ஒரு பையனைப் பார்த்தேன் என்றான். எந்தப் பையன் என்றாள். ஒண்ணுமில்லை விடு என்றான். அவளிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பயல் பெரியவர்கள் அணிக்கு வந்த நாளிலிருந்து துளசிங்கம் அவனைத் திட்டாத நாள் இல்லை, அவனைப் பார்க்காத ஆட்டமும் இல்லை. கால்வாய்க்கரைக்காரன் ஜெயிக்கிற சந்தோஷத்தில் பாதி நேரம் கொடியை ஆட்டிக்கொண்டிருப்பான், அவனுக்கு என்ன தெரியும்? பந்து ஆபுவிடம் போகும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டாமல், அடுத்து என்ன செய்யப்போகிறானோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிறவனுக்குத்தான் அவன் முழுசாகத் தெரிவான். பேப்பர்காரன் புகழ்ந்ததைக் கேட்டுப் பர்மா லைன் சிரிக்கிறது. துளசிங்கத்துக்கு அந்தப் புகழ் போதவில்லை. அதுதான் அவனுடைய கோபம். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பேப்பரைக் கிழித்துத் தோரணம் கட்டினானே, அத்தனைக்கும் அடியில் இந்தக் கோபம்தான் இருந்ததோ என்று நினைத்ததும் அவனுக்கு வியர்த்துவிட்டது.

"வாங்கண்ணா," என்றான் சிலம்பு.

துளசிங்கம் கண்ணைத் திறந்தான். கண்ணாடியில் ஏகாம்பரம் தெரிந்தான். கையில் டிபன் கேரியர். தூங்காத முகம். மீசை அப்படியே இருந்தது, பாதி நரைத்து, ஒரு பக்கம் சாய்ந்து.

"சீக்கிரம் சொல்லுப்பா. கஞ்சி ஆறிடும்," என்றான் ஏகாம்பரம்.

"நேத்து அந்தக் கோலுக்கு எங்க பின்னாடி கைதட்டுனது யாரு?"

ஏகாம்பரம் கண்ணாடியைப் பார்த்தான். நுரைக்கு நடுவில் இருந்த இரண்டு கண்களையும் நேராகப் பார்த்தான். பார்த்திருக்கிறான். சந்தேகமே இல்லை, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"தட்டுனா இன்னாடா இப்போ?"

"தட்டுனா மீசை. உனக்குத் தெரியாதா?"

"நைனா மூச்சுக்கு இழுத்துகினு கீறாருடா."

"அதான் நானும் சொல்றேன். நீ தட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. அவ்ளோதான்."

ஏகாம்பரம் கேரியரைக் கை மாற்றிப் பிடித்தான். இல்லை என்று சொன்னால் அப்புறம் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. பின்படியில் இருந்ததே இரண்டு பேர். அவன் சொல்லப்போவதில்லை. துளசிங்கத்துக்குத் தெரிந்தது. இதற்கும் அடி வாங்கிக்கொண்டுதான் நிற்பான். ஞானம் கடைசி இழுப்பைத் தாடையில் இழுத்து, கத்தியைத் துணியில் துடைத்து, கத்தரிக்கோலை எடுத்தான்.

"மீசை எப்பவும்போலத்தான, ண்ணா? ஓரம் மட்டும் எடுக்கவா?"

தொண்டையில் கத்தி இல்லை. இனி பேசலாம். சிலம்பு, பெஞ்சு, எல்லாரும் அவன் பக்கம் திரும்பிவிட்டார்கள், கத்தி எடுத்தாயிற்று, இனிமேல் பாரு என்று முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு. போர்த்தியிருந்த துணிக்கு அடியிலிருந்து துளசிங்கம் கையை வெளியே எடுத்தான். தட்டின கை. ஞானத்தின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எடுத்துடு."

"ஓரம்தான?"

"முழுசா எடு, ஞானம். தட்டுனது நான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவன் அடுத்த வரி சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அடுத்த வரி இல்லை. சிலம்பின் கையிலிருந்த பேப்பர் மடியில் இறங்கியது.

"நீயாண்ணா?"

"நீ பாக்கலையாடா அந்தப் பாஸை?"

சிலம்பு பெஞ்சில் இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"பாத்தேண்ணா."

"அப்புறம்?"

"அவன் பந்து மேல காலை வெச்சதுமே ரெண்டு கையையும் தொடைக்கு அடில வெச்சு அது மேல உக்காந்துட்டேன்."

துளசிங்கத்தால் அதைக் கேட்க முடியவில்லை, அந்தக் கைகளைக் கட்டிப்போட்டது அவன் போட்ட சட்டம். சிலம்பிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தப்பு செய்துவிட்டேன்டா என்றா? ஏகாம்பரம் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்றான். "நைனாக்கு அந்தப் பாஸைப் பத்தி நேத்தே சொல்லிட்டேன் துளசி. திரும்பத் திரும்பக் கேட்டாரு. எப்டிடா நின்னான், எப்டிடா நின்னான்னு. எனக்குச் சரியா சொல்ல வர்ல. நீ சாயங்காலம் வந்து சொல்லேன்," என்றான். கேரியரைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

"வாயை மூடு, ண்ணா," என்றான் ஞானம். "மேலுதடு."

துளசிங்கம் வாயை மூடிக்கொண்டான். நுரை மீசையில் ஏறியது, வெதுவெதுப்பாக. கத்தி மூக்குக்குக் கீழே வந்து நின்றது. பெஞ்சில் யாரோ மெதுவாக, பக்கிரி ஏன்பா நின்னான் என்றார்கள். எவன்தான் நிக்கலை, நானே நின்னேன் என்றது இன்னொரு குரல். பேப்பரை யாரும் எடுக்கவில்லை. முதல் இழுப்பு விழுந்ததும் மின்விசிறிக் காற்று உதட்டில் பட்டது, அதே குளிர், பத்தொன்பது வயதில் பட்ட குளிர், நாக்கு உள்ளிருந்து தொடப் போய் நின்றது. நாளைக்கு பார்சல் ஆபீஸில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். யாருப்பா என்பார்கள். தெருவில், பஸ்ஸில், ரேஷன் கடையில், முடி முளைக்கிற வரைக்கும் ஒவ்வொருத்தனும் கேட்பான். ஒவ்வொருத்தனுக்கும் சொல்ல வேண்டும். சும்மா கைதட்டினேன் என்றால் யாருக்குப் புரியும், எதற்குத் தட்டினேன் என்று சொல்ல வேண்டும், முழுசாகச் சொல்ல வேண்டும், முதலில் கிழவருக்கு. மின்னல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? த்ரோவிலிருந்தா? வேண்டாம். அவன் காலை வைத்து நின்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். துளசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றான்.